மியன்மார் நிலநடுக்கம் செய்மதிக்கு முன்னமே தெரியுமா?

2 ஏப்ரல் 2025, சங்கானை வாசகர் ஒருவரின் கேள்வி

வட்சப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. மியன்மாரில் நிலம் விலகுவதை ஐரோப்பியச் செய்மதி முதலே படம் பிடித்துவிட்டதாம், சனம் பயப்படும் என்று மறைத்துவிட்டார்களாம். 2004-இலும் சுனாமியைச் செய்மதி கண்டதாம், எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையாம். இங்கே காணி அளக்கிற, ஜிபிஎஸ் தெரிந்த அண்ணை ஒருவர் எழுதுகிறவர்தானே. இதில் எது உண்மை?

2 ஏப்ரல், இரவு

முதற்பாதி விசர்க்கதை. இரண்டாவது பாதியில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வீடியோவில் வருகிற வண்ணப் படம் உண்மையான படம்தான். ஆனால் அந்தப் படம் உண்டாக இரண்டு படங்கள் வேண்டும்: நிலநடுக்கம் வந்த மார்ச் 28-க்கு முன் எடுத்தது ஒன்று, பின் எடுத்தது ஒன்று. அந்த ஐரோப்பியச் செய்மதியான சென்டினல்-1, 693 கிலோமீற்றர் உயரத்தில் போகிறது, 12 நாளுக்கு ஒரு முறை அதே பாதைக்குத் திரும்பி வருகிறது. பின் படம் கைக்கு வந்த பிறகுதான் கழித்துப் பார்க்கலாம். நடப்பதற்கு முன் கழிக்க என்ன இருக்கிறது? திகதியை வெட்டிவிட்டு யாரோ பரப்பியிருக்கிறார்கள்.

3 ஏப்ரல்

எதிலிருந்து எதைக் கழிப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

சென்டினல்-1 கமரா இல்லை, ராடர். அதாவது தானே அலை அனுப்பித் தானே வாங்குகிறது. அதனால் இரவானாலும் முகில் மூடினாலும் கவலையில்லை. அலையின் நீளம் 5.5 சென்ரிமீற்றர் அளவு. திரும்பி வரும் அலை எந்தக் கட்டத்தில் வருகிறது, ஏற்றத்திலா இறக்கத்திலா, என்பதையும் ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவு செய்கிறது. அடுத்த முறை வரும்போது நிலம் செய்மதிக்குக் கிட்ட வந்திருந்தாலோ தள்ளிப் போயிருந்தாலோ அந்தக் கட்டம் மாறியிருக்கும். அலை போய் வருவதால் நிலம் அரை அலைநீளம், ஏறத்தாழ 2.8 சென்ரிமீற்றர், நகர்ந்தால் ஒரு முழுச் சுற்று. அதைத்தான் நீலம், மஞ்சள், சிவப்பு என்று வரி வரியாகத் தீட்டிக் காட்டுகிறார்கள். பத்து வரி எண்ணினால் 28 சென்ரிமீற்றர். இந்த முறைக்கு இன்சார் என்று பேர், இவ்வளவுதான். மிச்சமெல்லாம் தொல்லைகளைக் கழிக்கும் வேலை: செய்மதி அதே இடத்துக்குச் சரியாகத் திரும்பாத வித்தியாசம், மலை பள்ளத்தின் பங்கு, காற்றிலுள்ள ஈரம். ஈரம் இரண்டு நாளும் ஒரே மாதிரி இராது. நிலம் அசையாமலே சில சென்ரிமீற்றர் அசைந்ததாகக் காட்டிவிடும்.

முதன்முதலில் பெரிய நிலநடுக்கம் ஒன்றை இப்படிப் படமாக்கியது கலிபோர்னியாவின் லாண்டர்ஸில். 1992 ஜூன் 28, அளவு 7.3. ஈஆர்எஸ்-1 என்ற செய்மதி ஏறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெறும் பாலைவனம், மரம் இல்லை, மழை இல்லை. அதனால் கொள்ளை அழகாக வந்தது.

5 ஏப்ரல்

மியன்மார் படத்தில் பிளவுக்குப் பக்கத்தில் வரிகளே இல்லை, குழம்பிய புள்ளிகள்தான் இருக்கின்றன, இது மறைப்பதற்காகவா என்று சங்கானைத் தம்பி மறுபடி கேட்கிறார். தம்பி, வீடியோவை விடுங்கள்.

இரண்டு காரணம். ஒன்று, பிளவுக்கு அருகே நிலம் மீற்றர் கணக்கில் போயிருக்கிறது. வரிகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஒரு புள்ளிக்குள்ளேயே பல சுற்று வந்துவிடுகிறது. அங்கே எண்ண முடியாது.

இரண்டாவதுதான் எனக்குச் சுவையானது. மியன்மாரில் உடைந்த சகாயிங் பிளவு கிட்டத்தட்ட நேர் வடக்கு தெற்காக ஓடுகிறது. அதன் இரண்டு பக்கமும் வடக்கும் தெற்குமாக வழுக்குகின்றன. ராடர் செய்மதியோ துருவத்திலிருந்து துருவத்துக்குப் போய்க்கொண்டே பக்கவாட்டில் பார்க்கிறது. அதன் பார்வை கிழக்கு மேற்காகவும் சரிந்து கீழாகவும் விழுகிறது. கிட்ட வருவதையும் தள்ளிப் போவதையும் மட்டும் அளக்கிற கருவிக்கு முன்னால், அதன் பார்வைக்குக் குறுக்காக ஒரு நிலம் ஓடினால் என்ன தெரியும்? மிகக் கொஞ்சம். ஆகவே இங்கே வேறு வழி. முன் படத்தில் ஒரு புள்ளி எங்கே இருந்தது, பின் படத்தில் எங்கே போயிற்று என்று படத்தைப் படத்தோடு ஒட்டிப் பார்த்து நகர்வை அளப்பது. ராடர் படத்திலும் செய்யலாம், சென்டினல்-2 எடுக்கும் சாதாரண ஒளிப்படத்திலும் செய்யலாம். மில்லிமீற்றர் நுணுக்கம் கிடைக்காது. ஆனால் நகர்வு மீற்றர் கணக்கில் இருக்கும்போது மில்லிமீற்றர் யாருக்கு வேண்டும்? 2023 பெப்ரவரியில் துருக்கியில் 7.8-உம் 7.5-உம் ஒரே நாளில் வந்தபோதும் பிளவோரத்தில் இந்த வழிதான் கைகொடுத்தது.

6 ஏப்ரல்

உடுவிலிலிருந்து ஒருவர் திகதிக் கணக்கு அனுப்பியிருக்கிறார். 2003 டிசம்பர் 26 ஈரானின் பாம் நகரம், 2004 டிசம்பர் 26 சுமாத்திரா. 2005 மார்ச் 28 நியாஸ் தீவு, 2025 மார்ச் 28 மியன்மார். திகதிகள் எல்லாம் சரி. ஆனால் உலகத்தில் 7-க்கு மேற்பட்டவை வருடத்துக்குச் சராசரி பதினைந்து வருகின்றன. முப்பது வருடப் பட்டியலை எடுத்தால் என் கலியாண நாளிலும் பெரும்பாலும் ஒன்று இருக்கும். இருந்தது.

பாம் என்றதும் ஒன்று. அங்கே எல்லாரும் அறிந்த பிளவு ஒன்று நிலத்தின்மேல் தெரிகிறது. உடைந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணினார்கள். என்விசாட் செய்மதியின் இன்சார் படம் வந்த பிறகுதான் பெரும்பகுதி அதற்கு மேற்கே, வரைபடத்தில் இல்லாத, மேலே முகம் காட்டாத இன்னொரு பிளவில் உடைந்தது தெரிந்தது. இருபத்தாறாயிரத்துக்கும் மேல் சனம் செத்த இடம். அதற்குக் காரணமான பிளவை ஒருவரும் அதுவரை கண்டதில்லை.

9 ஏப்ரல்

ஜிபிஎஸ் பக்கம் வருகிறேன். இது என் சோறு.

போனில் உள்ள ஜிபிஎஸ் ஐந்து மீற்றர் பிசகும், அதை வைத்து நிலம் அசைவதை எப்படி அளப்பது என்று கேட்டவருக்கு: போன் பெரும்பாலும் செய்மதி அனுப்பும் குறியீட்டைப் படிக்கிறது. நாங்கள் அந்தக் குறியீட்டைச் சுமக்கிற அலையையே எண்ணுகிறோம். அதன் நீளம் 19 சென்ரிமீற்றர், அதில் நூறில் ஒரு பங்கை வாசிக்கலாம். முக்காலியைக் கல்லுக்கு நேரே நிறுத்தி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, பேஸை (ஓரிடத்திலேயே நிற்கும் கருவி) போட்டுவிட்டு ரோவரை (கொண்டு திரிந்து அளக்கும் கருவி) தூக்கிக்கொண்டு போனால், திரையில் முதலில் ‘புளோட்’ என்று நிற்கும். இடையில் எத்தனை முழு அலை என்ற சரியான எண் பிடிபட்டதும் ‘பிக்ஸ்’ விழும். அதுவரைக்கும் காணிக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். எங்கள் வேலைக்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் போதும். நிலநடுக்க ஆராய்ச்சிக்காரர்கள் அன்ரனாவைக் கற்பாறையில் பூட்டி, ஆண்டுக்கணக்கில் கழற்றாமல் விட்டு, நாள் முழுவதன் தரவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறார்கள். அப்போது மில்லிமீற்றர் வரும்.

ஜப்பானில் இப்படி ஆயிரத்து இருநூறுக்கு மேல் நிலையங்கள். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தன்று ஓஷிக்கா குடாநாட்டில் இருந்த நிலையம் 5.3 மீற்றர் கிழக்குப் பக்கமாகப் போய், 1.2 மீற்றர் கீழே இறங்கியது. யாழ்ப்பாணத்தானுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. பக்கத்து வளவுக்காரன் இரவோடிரவாகக் கதியாலை அரை அடி தள்ளி நட்டான் என்று மூன்று தலைமுறையாக வழக்காடுகிற ஊர் இது. அங்கே ஒரு குடாநாடு முழுவதுமே கதியாலோடு சேர்ந்து பதினேழு அடி போயிருக்கிறது.

அப்படியானால் உறுதியில் உள்ள எல்லை என்னாகும்? நிலம் பரந்த அளவில் ஒன்றாக நகர்ந்தால் எல்லையும் நிலத்தோடு நகர்ந்ததாகக் கொள்வது ஜப்பானிய நடைமுறை. வேலி நின்ற இடத்திலேயே நிற்கும், ஆயத்தொலைவுகளைத்தான் மாற்ற வேண்டும். நாட்டின் அளவைக்கு அடிப்படையான தோக்கியோத் தொடக்கப் புள்ளியே 27 சென்ரிமீற்றர் கிழக்கே போய்விட்டதால் முழுக் கணக்கையும் திருத்திப் புது அளவை ஆதாரம் ஒன்றை அறிவித்தார்கள். அந்த ஆண்டு ஜப்பானிய நில அளவையாளர்கள் எப்படி நித்திரை கொண்டிருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

10 ஏப்ரல்

நேற்று விட்டது: ராடருக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் என்ன வேலைப் பங்கு என்பது.

ராடர் இடம் முழுவதையும் பார்க்கும், ஒரு நிலையமும் நடத் தேவையில்லை. ஆனால் வருவது நாட்கள் கழித்து. அதற்குள் நடந்த பின்னதிர்வு, மெல்ல மெல்ல வழுக்கியது எல்லாம் ஒரே படத்துக்குள் கலந்துவிடும். ஜிபிஎஸ் நட்ட இடத்தில் மட்டும் அளக்கும். ஆனால் விநாடிக்கு விநாடி அளக்கும். 2015 ஏப்ரல் 25 நேபாளத்தில் இரண்டும் ஒருசேர அமைந்தன. காட்மண்டுப் பக்கம் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயர்ந்ததையும், வடக்கே உயர்மலைப் பகுதி இறங்கியதையும் ராடர் படம் ஒரே பார்வையில் காட்டியது. விநாடிக்கு ஐந்து முறை பதிந்த ஜிபிஎஸ் நிலையங்கள் வேறொன்றைச் சொல்லின. பள்ளத்தாக்கின் வண்டல் நான்கைந்து விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் நீண்டு ஆடியிருக்கிறது. அந்த ஆட்டம் உயரமான கட்டடங்களைத்தான் அதிகம் பிடிக்கும். தரஹரா கோபுரம் விழுந்ததும், பயந்த அளவுக்குச் சின்ன வீடுகள் காட்மண்டுவில் விழாததும் இதோடு பொருந்துகிறது.

14 ஏப்ரல், வருடப்பிறப்பு

கைவிசேடம் வாங்கி வந்த கையோடு கேட்டிருக்கிறார்கள், இலங்கைக்கு வருமா என்று. இதே திகதியில்தான், 1615 ஏப்ரல் 14, போர்த்துக்கேயர் காலத்தில் கொழும்பு குலுங்கி வீடுகள் விழுந்ததாகக் குறிப்பு இருக்கிறது. நாங்கள் புவித்தட்டின் விளிம்பில் இல்லை, உள்ளே இருக்கிறோம். அடிக்கடி வராது. வரவே வராது என்று எழுதித் தரமாட்டேன்.

ஜிபிஎஸ் சொல்வது: இலங்கை முழுவதும் இந்தியாவோடு சேர்ந்து வடகிழக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் போகிறது. எங்கள் நாட்டு அளவை ஆதாரம் 1999-இல் வகுத்தது. அன்றிலிருந்து நல்லூரும் காங்கேசன்துறையும் ஒரு மீற்றருக்கு மேல் போயிருக்கும். ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் எல்லாம் ஒன்றாகப் போகிறது. அயலவனுக்கும் எனக்கும் இடைவெளி மாறினால்தான் வில்லங்கம். மியன்மாரில் மாறியது அதுதான்.

15 ஏப்ரல்

ஒரு சின்னக் கணக்கு. சகாயிங் பிளவின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் விலகப் பார்க்கின்றன. ஜிபிஎஸ் அளந்த வேகம் இது. ஆனால் பிளவு பூட்டிக் கிடக்கிறது, விடாது. அந்தப் பக்கம் பழைய தலைநகரான ஆவாவை இடித்த பெரிய நடுக்கம் 1839-இல். அதிலிருந்து 186 வருடம். இரண்டால் பெருக்கினால் 3.7 மீற்றர் கடன். இந்த முறை பல இடங்களில் வழுக்கியது அந்தக் கணக்கில்தான், சில இடங்களில் அதற்கும் மேல். அதாவது எவ்வளவு கடன் ஏறியிருக்கிறது என்று ஜிபிஎஸ் முன்கூட்டியே சொல்லும். எந்த நாள் வசூல் என்று சொல்லாது. 1939-இலும் வந்திருக்கலாம், 2125-இலும் வந்திருக்கலாம்.

இதையே வீடியோக்காரர் ‘முன்னமே தெரியும்’ என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கமாட்டேன்.

20 ஏப்ரல்

2004-க்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

துளி உண்மை என்றது இது: சுமாத்திராவில் நடந்து இரண்டு மணித்தியாலம் அளவில் ஜேசன்-1 என்ற செய்மதி வங்காள விரிகுடாவுக்கு மேலே போனது. கடல்மட்டத்தை அளப்பதற்கென்றே ஏவப்பட்ட செய்மதி. அதன் ராடர் நேர் கீழே பார்க்கும். நடுக்கடலில் சுனாமியின் உயரம் அரை மீற்றருக்குச் சற்று மேல் என்று அது பதிந்தது. ஆகக் கண்டது உண்மைதான். ஆனால் தரவு தரைக்கு இறங்கி, ஆட்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்து அது சுனாமி என்று காண மணித்தியாலங்கள் ஆயின. அதற்குள் மருதங்கேணி, உடுத்துறை, மணற்காடு, முல்லைத்தீவு எல்லாம் முடிந்துவிட்டது. மறைக்கவில்லை. அந்த வேலைக்கு அதைச் செய்யவில்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி மையம் கால் மணித்தியாலத்துக்குள் முதல் அறிக்கை விட்டது. அதில் அளவு 8.0. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் 8.5 ஆக்கினார்கள். 9 என்று உலகம் அறிந்தபோது பொழுது நன்றாக ஏறிவிட்டது. அந்த எண்ணில் ஒன்று கூடினால் வெளிவரும் சக்தி முப்பது மடங்குக்கு மேல். 8.0 என்றால் சுமாத்திராக் கரைக்கு மட்டும் ஆபத்து என்று நினைக்கலாம். 9 என்றால் எங்கள் கரைக்கும் வரும். ஏன் குறைத்துப் போட்டார்கள்? 1300 கிலோமீற்றர் நீளம், எட்டுப் பத்து நிமிடமாகக் கிழிந்துகொண்டே போனது. கிழிந்து முடியும் முன்பே அளக்கத் தொடங்கினால் குறையத்தான் செய்யும். நில அதிர்வுக் கருவி அலையைக் கேட்டுத்தான் மதிப்பிடுகிறது, மிகப் பெரியவற்றில் அந்த மதிப்பு ஓர் எல்லையில் முட்டி நின்றுவிடும்.

ஜிபிஎஸ்ஸுக்கு அந்த முட்டுக்கட்டை இல்லை. அது அலையைக் கேட்பதில்லை, நிலம் எங்கே போய் நின்றது என்று பார்க்கிறது. தாய்லாந்தின் புக்கெற் தீவு 27 சென்ரிமீற்றர் தென்மேற்கே இழுபட்டது. 3000 கிலோமீற்றருக்கு அப்பால்கூட நிலையங்கள் சிறு துள்ளலைக் காட்டின. நெவாடாப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி புளூயிற் குழு, அந்த நாளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த தூரத்து நிலையங்களின் தரவை மட்டும் வைத்து 2006-இல் கணக்குப் போட்டுக் காட்டியது: நடுக்கம் தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் உண்மையான அளவைச் சொல்லியிருக்கலாம். பதினைந்து நிமிடம். எங்கள் கிழக்குக் கரைக்கு அலை வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம்.

அந்த எண்ணிக்கையை வாசித்த நாளிலிருந்து வட்சப் சதிக் கதைகளில் எனக்கு அக்கறை இல்லாமல் போயிற்று.

21 ஏப்ரல்

பருத்தித்துறைக்காரர் ஒருவர் நறுக்காகக் கேட்டிருக்கிறார்: பதினைந்து நிமிடத்தில் சொன்னாலும் 2004-இல் யாருக்குச் சொல்வது? சரி. இந்து சமுத்திரத்துக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. ஹைதராபாத்தின் மையம் 2007-இல்தான் வந்தது. மருதங்கேணிக்குப் போனில் சொல்ல ஆளும் இல்லை, பல இடத்தில் போனும் இல்லை. ஆகவே நேற்றைய கோபத்தில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றப் பாதி இருக்கட்டும்.

அவரே 2012-ஐயும் நினைவூட்டுகிறார். ஏப்ரல் 11, சுமாத்திராவுக்கு மேற்கே 8.6. பின்னேரம் எச்சரிக்கை வந்து கரையோரச் சனம் மோட்டார்சைக்கிளில் மூன்று நாலு பேராக ஏறி உள்ளே ஓடியது. நான் சந்தியில் நின்று பார்த்தேன். அலை பெரிதாக வரவில்லை. ஏனென்றால் அங்கே கடற்தளம் பக்கவாட்டில் வழுக்கியது, தூக்கவில்லை. தண்ணீரைத் தள்ள ஒன்றுமில்லை. ஆக அளவு மட்டும் போதாது, எந்தப் பக்கம் அசைந்தது என்பதும் வேண்டும். அதற்கும் உடையும் இடத்துக்குக் கிட்ட ஜிபிஎஸ் நிலையம் இருந்தால் உதவும். இந்தியா அந்தமான் நிக்கோபாரில் வைத்திருக்கிறது.

இன்சார் 2004-க்கு ஏன் உதவவில்லை என்பது கேள்வியிலேயே இருக்கிறது. உடைந்தது கடலுக்குக் கீழே. ராடருக்குத் தண்ணீரில் வேலையில்லை, நேற்று இருந்த தண்ணீர் இன்று இல்லை. அதனால் தீவுகளின் கரையோரத்தையும் முருகைக்கற்களையும் பார்த்தார்கள். அந்தமானின் வடமேற்கில் முருகைக்கல் தண்ணீருக்கு மேலே வந்து செத்துப்போய்க் கிடந்தது. தெற்கே நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீற்றருக்கு மேல் தாழ்ந்து வெளிச்சவீட்டின் அடியில் கடல் வந்துவிட்டது. எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்பதற்கு நடுவே ஒரு கோடு கீறினால், கீழே எவ்வளவு அகலம் உடைந்தது என்று கணக்கிடலாம். ஜப்பான்காரர் இதற்கு இன்னொரு வழி செய்தார்கள்: கடற்தளத்தில் ஒலிக்கருவி வைத்து, மேலே கப்பலை ஜிபிஎஸ்ஸால் நிலைப்படுத்தி, இரண்டுக்கும் நடுவே ஒலியால் அளப்பது. 2011-இல் கடற்தளம் 24 மீற்றர் போனதை அப்படித்தான் கண்டார்கள். தரையில் 5.3, கடலுக்கு அடியில் 24. தரை நிலையங்களை மட்டும் நம்பினால் என்ன தவறும் என்று பாருங்கள்.

4 மே

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் என்னை மடக்கியிருக்கிறார். ‘முன்கூட்டியே தெரியாது’ என்கிறீர்கள், 2023-இல் சயன்ஸ் இதழில் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே ஜிபிஎஸ்ஸில் தெரிகிறது என்று வந்ததே என்கிறார்.

வந்தது. பிரான்ஸைச் சேர்ந்த பிளெத்ரி, நொக்கே இருவரும் எழுதியது. 7-க்கு மேற்பட்ட 90 நடுக்கங்களின் ஜிபிஎஸ் பதிவுகளை, உடையப்போகும் திசைக்கு ஏற்றவாறு எடை போட்டு ஒன்றாகக் கூட்டினார்கள். கடைசி இரண்டு மணித்தியாலத்தில் கூட்டுத்தொகை மெல்ல ஏறியது. நானும் அதைப் படித்துவிட்டு ஒரு கிழமை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு கைல் பிராட்லி, ஜூடித் ஹபார்ட் இருவரும் அதே தரவைத் திறந்து பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் பொதுத் தொல்லை ஒன்று இருக்கிறது. செய்மதிப் பாதைக் கணக்கு, காற்று, இப்படிப் பல காரணம். அதைக் கழித்துவிட்டுக் கூட்டினால் அந்த ஏற்றம் காணாமல் போகிறது. எனக்கு இந்தப் பக்கம்தான் கனமாகப் படுகிறது. மூலத் தரவை எவரும் எடுத்துச் சரிபார்க்கும்படி விட்டிருந்தார்கள் என்பதற்காக முதல் இருவருக்கும் ஒரு சபாஷ். இன்னொன்று, அவர்கள் சொன்னது சரியென்றே வைத்தாலும், 90-ஐயும் கூட்டினால்தான் தெரிகிற ஒன்றைத் தனி ஒரு நடுக்கத்தில் காண இன்றைய கருவி போதாது. அதை அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

19 மே

மியன்மாரின் கண்காணிப்புக் கமரா வீடியோவை எல்லாரும் அனுப்புகிறீர்கள். பார்த்தேன். கேற் ஒன்று திறக்கிறது, நிலம் குலுங்குகிறது, பிறகு வலப்பக்கத்து நிலம் முழுவதும் மரம் செடியோடு ஒரே இழுவையில் போகிறது. என் வேலை முழுவதும் எல்லைக்கல்லைக் கண்டுபிடிப்பது. அதைப் பார்த்தபின் மூன்று தரம் எழுந்து நடந்தேன்.

6 ஜூலை

பகிடியாகத் தொடங்கியது, யாழ்ப்பாணத்தையே இன்சார் பண்ணிப் பார்த்தால் என்ன என்று. தரவும் மென்பொருளும் இலவசம். ஐரோப்பியர் தரும் ஸ்னாப் என்ற மென்பொருள், பழைய மடிக்கணினி, இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

இரண்டு படமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு படம் முதலில் வரும். ஒத்தால் வெள்ளை, ஒக்காவிட்டால் கறுப்பு. யாழ் நகரம் வெள்ளை. கூரைகள், மதில்கள், கோட்டை. கடனீரேரி கறுப்பு, எதிர்பார்த்தது. உரும்பிராய், சுன்னாகம் பக்கம் தோட்டங்கள் கறுப்பும் சாம்பலும்: 12 நாளில் வெங்காயம் வளர்ந்துவிடுகிறது, தண்ணீர் விட்டால் செம்மண் ஈரமாகிறது. பனங்கூடல் முழுக் கறுப்பு. ஓலை அசைந்தாலே 5.5 சென்ரிமீற்றர் அலைக்கு அது வேறு மரம். ஆக இங்கே உண்மையாகவே நிலம் அசைந்தாலும் நகரத்துக்கு வெளியே இந்தச் செய்மதி நல்ல சாட்சி இல்லை. மியன்மார் வயல்களிலும் இதே தொல்லைதான். 24 சென்ரிமீற்றர் அளவு நீண்ட அலை ஓலையை ஊடுருவிக் கீழே போகும். ஜப்பானின் ஏலோஸ்-2 செய்மதி அந்த வகை. ஒரு வரிக்கு 12 சென்ரிமீற்றர், ஆகப் பிளவோரத்திலும் அதிக தூரம் எண்ணலாம்.

ஆனால் நீண்ட அலைக்கு வேறு எமன் இருக்கிறான். பூமியின் காந்த நடுக்கோடு எங்களுக்குச் சற்றுத் தெற்கே போகிறது. சூரியன் விழுந்த பிறகு இங்கே மேல் வானத்தில் மின்னேற்றக் குமிழிகள் எழும். போன வருடமும் இந்த வருடமும் சூரியன் உச்சத்தில் இருப்பதால் மாலை மங்கினால் ரோவரில் பிக்ஸ் விழாது, விழுந்தாலும் நிற்காது. காணிக்காரர் கருவி பழுது என்று நினைப்பார். அதே குமிழிகள் நீண்ட ராடர் அலையையும் பிடிக்கும், சென்டினல் அலையைவிட ஏறத்தாழ 18 மடங்கு. ஓலையைத் தாண்டினால் வானம் மறிக்கிறது.

31 ஜூலை

நேற்று ஒரே நாளில் இரண்டு.

விடிய 4.54-க்கு ரஷ்யாவின் கம்சட்காவில் நிலநடுக்கம், 8.8. முதலில் அறிவித்தது 8.0, பிறகு 8.7, பிறகு 8.8. இருபது வருடம் கழித்தும் முதல் எண் 8.0. பழைய கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஆனால் இந்த முறை திருத்தம் விரைவாக வந்தது, பசிபிக் முழுவதும் சனத்தை மேட்டுக்கு ஏற்றினார்கள். 1952-இல் 9.0 வந்த அதே இடம்.

பின்னேரம் 5.40-க்கு, எங்களுக்கு வடக்கே 450 கிலோமீற்றரில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நைசார் போனது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ராடர் செய்மதி. நாசாவின் நீண்ட அலை, இஸ்ரோவின் அதைவிடக் குறுகிய அலை, இரண்டும் ஒரே செய்மதியில், விரித்தால் 12 மீற்றர் அகல வலைக் குடை அன்ரனா. 12 நாளுக்கு ஒரு முறை அதே பாதை. அதைவிடப் பெரிய விடயம், தரவு எல்லாருக்கும் இலவசம். இதுவரை நீண்ட அலைத் தரவு எங்களைப் போன்றவர்களுக்கு இவ்வளவு தாராளமாகக் கிடைத்ததில்லை.

(துருவப் பாதைக்கு அங்கிருந்து தெற்கே ஏவுகிற ராக்கெட் இலங்கைக்கு மேலால் வராமல் வளைந்து போகும். அதற்கு எரிபொருள் கூடச் செலவாகும். எங்களால் இந்தியாவுக்கு ஆகும் செலவு இது.)

2 ஓகஸ்ட்

‘அண்ணை, நைசார் வந்தால் இனி முன்கூட்டியே சொல்லுமா?’ சங்கானை.

சொல்லாது, தம்பி. கடன் எங்கே ஏறுகிறது என்பதை இன்னும் நெருக்கமாகக் காட்டும். மரம் அடர்ந்த மலைகளில் இதுவரை குருடாய் இருந்த இடங்களிலும்.

அந்தக் கமரா வீடியோவைக் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் பிரேம் பிரேமாக அளந்திருக்கிறார்கள். 2.5 மீற்றர் வழுக்க 1.3 விநாடி. ராடரும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தாலும் அந்த 1.3 விநாடியை அவ்வளவு கிட்ட நின்று கண்டிராது.

27 செப்டெம்பர்

அந்த மாணவர் கடைசி வருடத் திட்டத்துக்கு இதை எடுக்கப் போகிறாராம், எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

மியன்மாரில் தொடங்காதீர். வடக்கு தெற்கு ஓட்டம், வயல், ஈரம், எல்லாத் தொல்லையும் ஒன்றாக வந்து வெறுத்துவிடும். கலிபோர்னியாவின் ரிட்ஜ்கிறெஸ்ற், 2019 ஜூலை, 7.1. பாலைவனம், வரிகள் கண்ணாடி மாதிரித் தெளிவு. ஏறு பாதையில் (செய்மதி வடக்கே போகும்போது) ஒரு சோடி, இறங்கு பாதையில் (தெற்கே வரும்போது) ஒரு சோடி எடுத்தால் கிழக்கு மேற்கையும் மேல் கீழையும் ஓரளவு பிரிக்கலாம். அந்தச் சுற்றுவட்டாரத்து ஜிபிஎஸ் நிலையங்களின் தினசரித் தரவு நெவாடாப் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்தின் நகர்வையும் செய்மதி பார்க்கும் திசைக்கு மாற்றி, வரியை எண்ணி வந்த தொகையோடு ஒப்பிடும். ஒத்தால் மேற்பார்வையாளர் வாய் திறக்கமாட்டார்.

முன் படமும் பின் படமும் ஒரே பாதை இலக்கமா என்று முதலில் பாரும். ஒரு படம் நாலு ஜிபிக்கு மேல், போன் டேட்டாவில் இறக்க வேண்டாம்.